கன்ட்ரிப் பாட்டுக்காரனும் சம்மந்தியாரும்

என்ரை மனுசனுக்குக் கன்ட்ரிப் பாட்டு விசர். இதை முதலே சொல்லிப்போடுறன். ஆம்பிளையளுக்கு ஆயிரம் விசர் இருக்கு. ஒருதர் வீட்டுக்கு மேலை வீடு வாங்குவார், ஒருதர் சங்கத்துக்குத் தலைவரா வராட்டில் சோறு தின்னமாட்டார். என்ரை ஆள் இந்திரகுமார், மெல்பேணிலை டண்டினோங் பக்கம் ஒரு வெயர்ஹவுசிலை ஃபோர்க்லிஃப்ட் ஓடுறவர். வேலையாலை வந்தவுடனை கராஜுக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு, அகலத் தொப்பி ஒண்டைக் கொழுவிக்கொண்டு, வெள்ளைக்கார மாட்டுக்காரரின்ரை பாட்டுப் பாடுவார். நோபல் பார்க்கிலை எங்கடை றோட்டிலை இருக்கிற சனம் முழுக்க அதைக் கேட்டிருக்கு. ஒருதரும் ஒரு நாளும் நல்லது எண்டும் சொல்லேல்லை, கூடாது எண்டும் சொல்லேல்லை.

தொண்ணூறுகளிலை அகதியா வந்து இறங்கின புதுசிலை, தனியாளா ஷெப்பர்டனுக்கு பீச் பழம் ஆயப் போனவர். தகரக் கொட்டிலிலை படுக்கை. தோட்டக்காரன்ரை பழைய றேடியோவிலை விடிஞ்சாப் பொழுதுபட்டா உந்தப் பாட்டுத்தான். இங்கிலிசே அதிலைதான் பழகினவர். அதாலை இண்டைக்கும் பாங்கிலை போய் நிண்டு கதைச்சார் எண்டால், குதிரை விக்க வந்த ஆள் மாதிரித்தான் இருக்கும். குதிரைக்குக் கிட்டப் போகவே பயம், அது வேறை கதை.

மற்றவையின்ரை பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. சொந்தமா எழுதவும் வெளிக்கிட்டார். எழுதினதிலை ஒண்டுதான் உருப்படி. அந்தத் தகரக் கொட்டிலைப் பற்றின பாட்டு. அதிலை ஒரு பியர்ப் போத்தல் வரும், பழம் அடுக்கிற இடத்திலை வேலை செய்த ஒரு பெட்டையும் வரும். ஆர் அந்தப் பெட்டை எண்டு கேட்டனான். "அது கற்பனை, யோகா" எண்டார். கற்பனைக்கு ஏன் தலைமயிர் சிவப்பா இருக்கு எண்டு கேட்டன், கிற்றாரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ஆனால் சத்தியமாச் சொல்லுறன், நல்ல பாட்டு. தோட்டக்காரன் இவரை "இண்டி" எண்டுதான் கூப்பிடுறவனாம், முழுப்பேர் அவன்ரை வாய்க்குள்ளை வராது. பாட்டின்ரை கடைசியிலை இவர் தன்ரை முழுப்பேரையும் இழுத்துப் பாடுவார். குசினியிலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிற நான் அந்த இடம் வந்தால் கத்தியை வைச்சிட்டு நிண்டு கேப்பன். அதை அவருக்கு நான் சொன்னதில்லை.

இந்த மாசியிலை சேவ் எடுக்கேக்கை கழுத்திலை ஒரு கட்டி தட்டுப்பட்டுது. ஸ்கான் எடுத்து, ஊசி குத்திப் பாத்து, தைரொயிட்டிலை கூடாத கட்டி, கான்சர் எண்டு சொல்லிச்சினம். வெட்டி எடுக்கோணும். சேர்ஜன் ஒரு பொம்பிளை, நல்ல மனுசி, ஒண்டையும் ஒளிக்கேல்லை. "உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரல் நரம்பு கட்டியோடை ஒட்டிக்கொண்டு நிக்குது. குரலுக்கு என்னாலை வாக்குத் தர ஏலாது" எண்டு சொன்னா. மனுசன் தலையை ஆட்டினார். வெளியிலை வந்து கார் பார்க்கிலை நிண்டு, "அப்ப யோகா, ஒருக்கா, ஒரே ஒருக்கா மேடையிலை ஏறி என்ரை பாட்டைப் பாடிப்போட்டு வந்து கழுத்தைக் குடுக்கிறன்" எண்டார். என்னைக் கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவர் தனக்கு எண்டு கேட்டது அது ஒண்டுதான். எனக்கு அழுகை வந்திட்டுது. "பாடுங்கோ, ஆர் வேண்டாம் எண்டது" எண்டு ஏசினன்.

அவரே தேடிக் கண்டுபிடிச்சார். ஆல்பரி தாண்டி, சிட்னி போற பாதையிலை ஒரு சின்ன ஊர். அங்கத்தைக் கிளப்பிலை கன்ட்ரிப் பாட்டுப் போட்டி, ஆரும் சேரலாம், சொந்தப் பாட்டா இருக்கோணும். வீடியோ அனுப்பினார், எடுத்துக்கொண்டினம். போட்டி சனிக்கிழமை மத்தியானம். அடுத்த கிழமை ஒப்பரேசன்.

இதுக்குள்ளைதான் எங்கடை கோதாரி தொடங்குது. அந்த நேரம் பாத்து மகள் வினுஷாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். பெடியன் யதுர்சன், இன்ஜினியர், தங்கமான பிள்ளை. இரண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. இன்னும் முற்றாக்கேல்லை, அவ்வளவுதான். எங்கடை ஆக்களைத் தெரியுந்தானே. பொம்பிளையின்ரை தேப்பனுக்குக் கழுத்திலை கட்டி எண்டு ஒருதற்றை காதிலை விழுந்தாப் போதும், "வருத்தக்காரக் குடும்பமாம், பரம்பரையாம்" எண்டு கதை ஊரெல்லாம் ஓடும். பிறகு "சாதகம் பொருந்தேல்லை" எண்டு மரியாதையா ஒரு போன் வரும். அதாலை வாயே திறக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தம். கட்டியைப் பற்றியும் சொல்லுறேல்லை, பாட்டைப் பற்றியும் சொல்லுறேல்லை. ஏனெண்டால் மாப்பிள்ளையின்ரை தேப்பன் மகேந்திரராஜா அண்ணை, இளைப்பாறின கணக்காளர், கோயில் சபையிலை பெரிய ஆள், வாயைத் திறந்தாச் சுருதியும் தாளமும் திருநீறும்தான். சம்மந்தி தொப்பி போட்டுக்கொண்டு குடிக்கிற கிளப்பிலை பாடுறார் எண்டு கேள்விப்பட்டால் மனுசன் அந்த இடத்திலையே கதையை முடிச்சிடும்.

வினுஷா தலையிலை அடிச்சாள். "அம்மா, ஜஸ்ட் டெல் தெம். திஸ் இஸ் ரிடிக்குலஸ்." "நீ வாயை மூடு, உனக்கு எங்கடை சனத்தைத் தெரியாது" எண்டு சொல்லிப்போட்டன்.

பிறகு நான் செய்த வேலையைக் கேளுங்கோ. வியாழக்கிழமை தமிழ்க்கடையிலை மிளகாய்த்தூள் வாங்கேக்கை, கடைக்காரி "அன்ரி, சனிக்கிழமை வீட்டிலையோ?" எண்டு கேட்டாள். சும்மா கேட்டதுதான். என்ரை நாக்கு நிண்டாத்தானே. "இல்லைப் பிள்ளை, சிட்னி முருகன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி, இவரோடை காரிலை போறன்" எண்டன். பின்னேரமே போன். மகேந்திரராஜா அண்ணை.

"தங்கச்சி, நேர்த்திக்குப் போறியளாம், நல்ல விசயம். சிட்னியிலை, டூங்கபியிலை இருக்கிற என்ரை மகள் வீட்டை நானும் போகோணும் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். சம்மந்தியாரா வரப்போற ஆக்கள் ஒண்டாப் போய்க் கும்பிட்டால் நல்லதெல்லே. நான் வாறதிலை கரைச்சல் இல்லைத்தானே?"

"ஐயோ என்ன அண்ணை, பெரிய சந்தோசம்" எண்டு சொல்லிப்போட்டு நான் போனை வைக்க, என்ரை மனுசன் கதிரையிலை இருந்து இரண்டு கையாலையும் தலையைப் பிடிச்சார்.

சனிக்கிழமை விடியவெள்ளாப்பிலை அண்ணை வந்து நிக்கிறார். தலகாணி ஒண்டு, சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு, புட்டுப் பார்சல், மருந்துப் பை, கோயிலுக்கெண்டு ஒரு தேங்காய்ச் சாக்கு. கிற்றாரை ஏற்கெனவே டிக்கிக்குள்ளை போர்வையாலை மூடி வைச்சிருந்தம். தேங்காய்ச் சாக்கை அதுக்கு மேலை போட்டவுடனை உள்ளுக்கிருந்து "டொய்ங்" எண்டு ஒரு சத்தம்.

"என்ன தம்பி அது?"

"ஸ்பிரிங் அண்ணை. பழைய கார்" எண்டார் இவர்.

"இந்தத் தொப்பி?"

"வெயிலுக்கு" எண்டன் நான். வெளியிலை மழை தூறிக்கொண்டு நிக்குது.

அண்ணை குனிஞ்சு இவற்றை காலைப் பாத்தார். கூர் மூக்கு வைச்ச மாட்டுக்காரச் சப்பாத்து, பளபளவெண்டு. "குதிக்கால் நோ, டொக்டர் போடச் சொன்னது" எண்டு அதுக்கும் நான்தான் சொன்னன். பொய் சொல்லத் தொடங்கினால் ஒண்டோடை நிப்பாட்ட ஏலாது. முகத்தை நேரா வைச்சிருக்கிறதுதான் கஸ்டம்.

அண்ணை முன்னுக்கு ஏறி இருந்தார். நான் பின்னுக்கு மருந்துப் பைக்கும் தலகாணிக்கும் நடுவிலை. போனிலை பக்திப் பாட்டைப் போட்டுக்கொண்டு, "இந்த இடத்திலை சுருதி விலகுது பாத்தியளோ" எண்டு பாடினவனைத் திருத்திக்கொண்டு வந்தார். சுகர்காரர் எல்லே, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ரொயிலெட்டுக்கு நிப்பாட்டோணும். அவர் உள்ளுக்குப் போற நேரம் பாத்து இவர் காருக்குப் பின்னாலை போய் நிண்டு "ஆ... ஓ..." எண்டு தொண்டையைச் சூடாக்குவார். ஒரு பெற்றோல் ஸ்டேசனிலை லொறிக்காரன் ஒருத்தன் கிட்ட வந்து, சுகமில்லையோ எண்டு கேட்டிட்டுப் போனான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்பிடியே நிண்டும் போச்சுது. பின் சீற்றிலை இருந்தால் அவற்றை கழுத்துத்தான் கண்ணுக்கு முன்னாலை. கொலரைத் தூக்கி விட்டிருந்தார். இந்தப் பக்கமாத்தான் வெட்டுவினம் எண்டு டொக்டர் பேனையாலை காட்டினது ஞாபகத்துக்கு வந்தது. வெளியிலை புல்லு எல்லாம் காஞ்சு கிடக்கு, மாடுகள் மழையிலை நனைஞ்சுகொண்டு சும்மா நிக்குதுகள். இந்தப் பாதை எனக்கு எண்டைக்குமே பிடிக்காது. அண்டைக்கு இன்னும் பிடிக்கேல்லை.

"தம்பி பாடுவீரோ?" எண்டு அண்ணை திடீரெண்டு கேட்டார்.

கார் கொஞ்சம் ஆடிச்சுது. "பள்ளிக்கூடத்திலை காலமைப் பிரார்த்தனைக்கு நான்தான் பதிகம் பாடுறனான் அண்ணை" எண்டார் இவர். அது உண்மைதான்.

"பாத்தீரோ! குரலிலையே தெரியுது" எண்டு அண்ணை சந்தோசப்பட்டார்.

ஆல்பரி தாண்டினதும் திட்டப்படி நான் தொடங்கினன். "இஞ்சேருங்கோ, பசிக்குது. அந்த ஊரிலை ஒரு கிளப் இருக்காம், சாப்பாடு நல்லதாம்." அண்ணை முகத்தைச் சுளிச்சார். தான் சனிக்கிழமை சைவம் எண்டார். உருளைக்கிழங்கு சைவந்தானே அண்ணை எண்டு சொல்லி ஒரு மாதிரி இறக்கிப்போட்டன். உள்ளுக்குச் சாப்பிடுற இடம், அதுக்கு அங்காலை ஒரு பெரிய கதவு, கதவுக்குப் பின்னாலை மண்டபம். கிற்றார் அடிக்கிற சத்தம் கேக்குது. இவர் "ரயருக்குக் காத்துப் பாத்திட்டு வாறன்" எண்டு வெளியிலை போய், சுத்தி மற்றப் பக்கத்து வாசலாலை கிற்றாரோடை உள்ளுக்குப் போயிட்டார். அண்ணை என்னை விட்டார் எண்டோ? "மாட்டுக் கொழுப்பிலை பொரிக்கிறவையோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ தங்கச்சி." கேட்டன். பரிமாறின பெட்டைக்குத் தெரியேல்லை, அவள் சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவன் எண்ணைப் போத்தலையே தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வடிவா வாசிச்சார். ஒரு மாதிரிச் சிப்ஸ் வந்ததும், "ரொயிலெட்டுக்குப் போட்டு வாறன் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு மண்டபத்துக்குள்ளை ஓடினன்.

பெரிய கூட்டமில்லை. வயசு போன வெள்ளையள், கனபேர் தொப்பியோடை, முன்னாலை பியர். ஒருதற்றை மடியிலை நாய். ஜீன்ஸ் சட்டை போட்ட ஒரு மனுசி மைக்கிலை, "மெல்பேணிலையிருந்து இண்டி குமார்!" எண்டு கூப்பிட்டா. இவர் ஏறினார். ஐயோ, என்ன வடிவு தெரியுமோ. எந்தக் கலியாணவீட்டிலையும் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிக்கிற மனுசன், அங்கை நடுமேடையிலை நிமிந்து நிண்டார். குதிரைக்குப் பயந்த கன்ட்ரிப் பாட்டுக்காரன் நான் ஒருத்தன்தான் எண்டு சொன்னார். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. இவரைப் பாத்து இல்லை, இவரோடை சேந்து சிரிச்சுது. நான் சுவரிலை சாஞ்சு நிண்டுகொண்டு, கடவுளே எனக்கு இது காணும், வேறை ஒண்டும் வேண்டாம் எண்டு நினைச்சன். கிற்றாரை ஒருக்கா மீட்டினார். வாயைத் திறந்தார்.

கதவு திறந்துது.

ரொயிலெட் தேடி வந்த மகேந்திரராஜா அண்ணை. மேடையைப் பாத்தார், இவரைப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் ஓடிப்போய் மறிக்க முதல், அந்த மனுசன் விறுவிறெண்டு நடந்து போய் முன் வரிசைக் கதிரையிலை நிமிந்து இருந்தார். கோயில் கச்சேரிக்கு இருக்கிற மாதிரி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, நெத்தியிலை மூண்டு குறியோடை, தாளம் போட ஆயத்தமா.

இவற்றை வாய் திறந்தபடி நிண்டுது. விரல் கிற்றாரிலை நிண்டுது. சனம் இருமாமல் பாத்துக்கொண்டு இருக்குது. பாடுங்கோ, பாடுங்கோ, அந்தாளைப் பாக்காதேங்கோ எண்டு நான் பின்னுக்கு நிண்டு கையாலை காட்டிறன். அவர் என்னைப் பாக்கேல்லை. கண்ணை மூடினார். தொப்பியைக் கழட்டிக் கீழை வைச்சார். பிறகு பதிகத்தைத் தொடங்கினார்.

பள்ளிக்கூடத்துப் பதிகம்! பியருக்கும் தொப்பிக்கும் நடுவிலை! கிற்றார் ஒரு பக்கம் இழுக்குது, பதிகம் மற்றப் பக்கம் போகுது, கடைசியிலை கிற்றாரை விட்டிட்டு வெறுங்குரலிலைதான் பாடினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணையின்ரை தலையிலை அந்தச் சிப்ஸ் தட்டைக் கவிட்டுக் கொட்டியிருப்பன். ஆனால் என்ன குரல்! அவ்வளவு நாளும் கராஜுக்குள்ளை அடக்கிப் பாடின குரல், அண்டைக்குத்தான் அது எவ்வளவு பெரிசு எண்டு எனக்கே தெரிஞ்சுது. மண்டபம் முழுக்க நிறைஞ்சுது. மடியிலை கிடந்த நாய் எழும்பி நிண்டு கேட்டுது. அதுதான் எனக்குத் தாங்கேல்லை. நல்லாப் பாடாமல் விட்டிருந்தாலும் ஆறுதலா இருந்திருக்கும்.

சனம் கை தட்டிச்சுது, மரியாதைக்கு. நடுவர் ஒருதர் எழும்பி, அருமையான குரல் இண்டி, ஆனால் இது கன்ட்ரி இல்லையே எண்டு சொன்னார். இவர் "ஓம், சொறி" எண்டு சொல்லிப்போட்டுத் தொப்பியைக் கையிலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அண்ணையின்ரை கண்ணாலை தண்ணி ஓடுது. "தம்பி! வெள்ளைக்காரன்ரை மேடையிலை எங்கடை பதிகத்தை ஏத்திப்போட்டீரே! இதுக்குத்தானோ எனக்கு ஒளிச்சனீர்? தொப்பி, சப்பாத்து எல்லாம் அவையின்ரை இடத்துக்கு ஏத்த மாதிரி... இப்பத்தான் எனக்கு விளங்குது." அவராவே ஒரு கதையைக் கட்டி, அவராவே நம்பிப்போட்டார். இவரைக் கட்டிப்பிடிச்சார். "இந்தக் குடும்பத்திலை சம்மந்தம் செய்யிறது என்ரை பாக்கியம். இனி நாள் பாக்கிறதுதான் மிச்சம்" எண்டார். கலியாணம் அந்த இடத்திலையே முற்றாச்சு. எந்தத் தாய்க்கும் வயிறு குளிர வேணும். எனக்குக் குளிரேல்லை.

நான் விடேல்லை. அந்த ஜீன்ஸ் சட்டை மனுசியைப் பிடிச்சு, என்ரை ஓட்டை இங்கிலிசிலை கெஞ்சினன். இவருக்குத் தொண்டையிலை ஒப்பரேசன் வருது, இன்னொருக்கா விடு எண்டன். அவ ஒரு கணமும் யோசிக்கேல்லை. எல்லாரும் முடிஞ்ச பிறகு கடைசியாப் பாடட்டும், போட்டிக்கு எடுக்க ஏலாது, ஆனால் மேடை இருக்கு, நாங்கள் இருந்து கேப்பம் எண்டு என்ரை கையைப் பிடிச்சா. முன்பின் தெரியாத பொம்பிளைக்குச் சொல்ல என்னாலை ஏலுது. சம்மந்திக்குச் சொல்ல ஏலேல்லை. இதுதான் எங்கடை சீத்துவம்.

கார் பார்க்குக்கு ஓடினன். அண்ணை ஏற்கெனவே முன்சீற்றிலை.

"கொஞ்ச நேரம் நிண்டு போவம் அண்ணை, இவருக்கு இன்னொருக்காப் பாடக் குடுக்கினம்."

"ஐயோ தங்கச்சி, நான் ஐயரோடை கதைச்சு வைச்சிருக்கிறன் எல்லே, உங்கடை நேர்த்திக்கு. பின்னேரப் பூசையிலை அருச்சனை. இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி. முருகன்ரை காரியத்தைப் பிந்த விடக்கூடாது."

இல்லாத நேர்த்தி. என்ரை வாயாலை தமிழ்க்கடையிலை பிறந்த நேர்த்தி. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "அண்ணை, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும்" எண்டு தொடங்கினன்.

"யோகா, காரிலை ஏறும்" எண்டார் இவர்.

சத்தம் போடேல்லை. கெஞ்சின மாதிரித்தான் சொன்னார். நான் ஏறினன். ஏன் ஏறினனான் எண்டு இண்டைக்கும் எனக்கு என்னிலை கோபம். அவரிலையும் கோபம். மகேந்திரராஜா அண்ணையிலை கோபப்படத்தான் வழியில்லை, அந்த மனுசன் பாவம், ஒண்டும் தெரியாது.

கண்டகாய் எண்ட ஊருக்கு வர அண்ணை வாயைப் பிளந்து நித்திரை. நான் முன்னுக்குச் சரிஞ்சு மெல்லமாக் கேட்டன். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அவர் முன்னுக்கு இருந்து கும்பிடுற மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கேக்கை, பியர்ப் போத்தலும் சிவப்புத் தலைமயிரும் எண்டு வாய் வருமோ யோகா? பிள்ளையின்ரை வாழ்க்கை."

முன்னாலை போன லொறியை முந்தினார். பிறகு, "குரல் நல்லா இருந்ததோ?" எண்டு கேட்டார்.

"ஓம்."

"அப்ப காணும்" எண்டார். காணாது எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிட்னி வரைக்கும் றேடியோவைப் போடேல்லை. கோயிலிலை ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்க, அண்ணைதான் எல்லாருக்கும் சேத்துச் சொன்னார். இவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினார். நான் முருகனோடை கதைக்கேல்லை.

ஒப்பரேசன் அடுத்த கிழமை நடந்துது. கட்டியை முழுக்க எடுத்தாச்சு, உயிருக்குப் பயமில்லை. நரம்பும் போச்சு. மயக்கம் தெளிஞ்சு என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், வெறுங்காத்துத்தான் வந்துது. பிறகும் ஒருக்காத் திறந்து பாத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு என்ரை கையைத் தட்டினார், அழாதை எண்டு. நான் நல்லா அழுதன்.

மாதங்கள் போகச் சில பேருக்குத் திரும்புமாம். இவருக்குத் திரும்பேல்லை. வெயர்ஹவுசிலை பரவாயில்லை, ஃபோர்க்லிஃப்டுக்கு ஹோர்ன் இருக்கு. கராஜ் கதவு பூட்டினபடி. ஆனால் நாள் குறிச்சாச்சு, ஆவணியிலை கலியாணம். முடியுமட்டும் வாய் திறக்கிறேல்லை எண்டு தொடங்கினதை முடிக்கத்தானே வேணும்? மகேந்திரராஜா அண்ணை போன் எடுத்தால் நான்தான் கதைப்பன். "இவருக்குத் தடிமன் அண்ணை, தொண்டை கட்டிப்போச்சு." மெல்பேண் குளிர்காலம் கைகுடுத்துது. "என்ன தங்கச்சி, எப்ப எடுத்தாலும் தடிமனோ?" எண்டு கவலைப்பட்டு, கொத்தமல்லிப் பொடியும் தேனும் குடுத்துவிட்டார் அந்தாள். வினுஷா எப்பவோ யதுர்சனுக்குச் சொல்லிப்போட்டாள். அவன் தன்ரை தேப்பனுக்கு மூச்சு விடேல்லை. பிள்ளையளும் எங்களிட்டை நல்லாத்தான் பழகியிருக்குதுகள்.

கலியாணம் ஸ்பிரிங்வேலிலை ஒரு மண்டபத்திலை. இவற்றை வெட்டுக்காயத்தை மறைக்கச் சரிகைச் சால்வையைக் கழுத்தைச் சுத்திக் கட்டி விட்டனான். ஆக்களுக்கு அது மிடுக்காத் தெரிஞ்சுது. கும்பிடுறதும் சிரிக்கிறதுமா மனுசன் சமாளிச்சார். தாலி கட்டியாச்சு. நான் அப்பாடா எண்டு மூச்சு விட்டன். அந்த நேரம் மகேந்திரராஜா அண்ணை மேடையிலை ஏறி மைக்கைப் பிடிச்சார்.

கிளப் கதையைத்தான் சொன்னார். வெள்ளைக்காரர் மத்தியிலை தன்ரை சம்மந்தி பதிகம் பாடின கதை. குரல் தழுதழுக்கச் சொன்னார். சனம் கை தட்டுது. "அந்தக் குரலை நீங்களும் கேக்கோணும். தம்பி, தடிமன் எண்டு சொல்லித் தப்பேலாது. பிள்ளையளுக்காக ஒண்டு" எண்டு சொல்லி, இவற்றை கையிலை மைக்கைத் திணிச்சுப்போட்டு, முன் வரிசைக் கதிரையிலை போய் இருந்து கையைக் கட்டினார்.

தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். இவர் எழும்பினார். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிச்சார். வாயைத் திறந்தார்.

ஒண்டும் கேக்கேல்லை. புஸ் எண்டு காத்து மட்டும். "மைக் வேலை செய்யேல்லை!" எண்டு பின்னுக்கிருந்து ஒரு சத்தம். சவுண்ட் சிஸ்டம் பாக்கிற வரதராஜன் ஓடிவந்து வேறை மைக் குடுத்தான். இவர் அதையும் வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலையிருந்து தொடந்தார். "இதுவும் வேலை செய்யேல்லை! டேய், வயரைப் பார்!" எண்டு சனம் கத்துது. வரதராஜன் குனிஞ்சு வயரைக் குடையிறான். மணவறையிலை வினுஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுறாள். இவர் ஒருதரையும் பாக்கேல்லை. நிமிந்து நிண்டு, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, நிறுத்தாமல் சொண்டை அசைச்சுக்கொண்டு நிக்கிறார். நான் சொண்டைப் பாத்தன். அது பதிகம் இல்லை. அவற்றை தகரக் கொட்டில் பாட்டு.

வரதராஜன் மூண்டாவது மைக்கோடை மேடைக்கு ஓடினான். நான் நடுச்சபையிலை சீலையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, "மைக்கிலை ஒரு பிழையும் இல்லை, எல்லாரும் வாயை மூடுங்கோ, அவர் பாடி முடிக்கட்டும்!" எண்டு கத்தினன்.